மூன்றாம் மாடிக்காரரின் மண்

மாதிரி வீட்டில் கட்டிலைக் கொஞ்சம் குட்டையாகச் செய்து போடவும், அறைக் கதவுகளை மாட்டாமல் விடவும் இந்த விற்பனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இந்நேரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அறை பெரிதாகத் தெரியும். மேற்குப் பார்த்த வீட்டை வெயில் ஏறுவதற்குள் காட்டி முடித்துவிட வேண்டும், அதுவும் தெரிந்திருக்கும். இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கற்க வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரைக்கும், இந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும் ஃப்ளாட் விற்றே என் வயதின் நல்ல பாதி போயிற்று. லிஃப்ட் மாட்டாத கட்டடங்களில் ஏறியிறங்கித் தேய்ந்த முழங்கால் ஐம்பது வயதுக்கு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இத்தனை விற்றும் ஃப்ளாட் என்ற பொருள் எனக்கு இன்னும் பழகவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாலு ஆடு மேய்ந்தால் புல் தீர்ந்துபோகிற அளவு நிலம். அதன்மேல் எட்டு அடுப்பு எரிகிறது. ஒருவருடைய தரை இன்னொருவருக்குக் கூரை. மேல் வீட்டில் குளித்த தண்ணீர், கீழ் வீட்டுக்காரர் தலைவைத்துப் படுக்கும் சுவருக்குள் இறங்கிப் போகிறது, அவரும் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளை பெற்று வளர்த்துக் கல்யாணமும் செய்து அனுப்பிவிடுகிறார். பத்திரத்தைப் பிரித்தால் அது இன்னும் பெரிய அதிசயம். வீடு உங்களுடையது, நிலத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்கிறது. பிரிக்கப்படாத பங்கு என்று பெயர். நீங்கள் யூடிஎஸ் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்களே, அதுதான். அந்த மூன்றெழுத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நின்று சொல்லுங்கள். கோயிலில் பிராகாரம் தாண்டும்போது நிற்பதுபோல.

உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஃப்ளாட்டில் பணம் போடலாமா, மனை வாங்கிப் போடலாமா? நீங்கள் நல்ல பக்கத்தைச் சொல்வீர்கள். மனை வாடகை தராது, ஃப்ளாட் தரும். வங்கி சுலபமாகக் கடன் கொடுக்கும். ஒதுக்குப்புறமாக மனை வாங்கிப் போட்டுவிட்டு ஆறு மாதம் எட்டிப்பார்க்காமல் இருந்தால் பக்கத்து மனைக்காரன் வேலி ஓரடி நகர்ந்திருக்கும், மூன்றாம் மாடியை எவனும் நகர்த்த முடியாது. எல்லாம் உண்மைதான். மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். சுவருக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும், வாடகைக்கு ஆள் இல்லாத மாதத்திலும். விற்கப் போனால் அடுத்த தெருவில் புதிதாக எழும்பும் கட்டடத்தோடு போட்டி போட வேண்டும். எல்லாவற்றையும்விட, அந்தக் கட்டடத்தின் ஆயுள் முடியும் நாளில் அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே மனது வர வேண்டும். இரண்டு பக்கமும் சொன்னால் விற்காது என்று பயப்படாதீர்கள். விற்கும். கொஞ்சம் மெதுவாக விற்கும்.

இந்த இரண்டு பக்கமும் ஒரு மனிதருக்குள் மோதிக்கொண்டதை நான் மண்ணூர்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வேலையில் எங்கள் கம்பெனி இறங்கியிருந்த நேரம். உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டால், கட்டடத்தை இடித்து உயரமாக எழுப்பி, அவர்களுக்கு ஆளுக்கொரு புது வீடு கொடுத்துவிட்டு, மிச்ச வீடுகளைக் கம்பெனி விற்றுக்கொள்ளும். கட்டி முடிக்கும்வரை அவர்கள் வெளியே தங்கும் வாடகையும் கம்பெனியுடையது. கையெழுத்து வாங்குவது என் வேலை.

மண்ணூர்பேட்டைக் கட்டடத்தில் மாடிக்கு இரண்டாக எட்டு வீடு. பெரும்பாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்பார்களே, அங்கே வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் வாங்கியது. தூண்களில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. முதல் மாடியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அவர் வீட்டில் மின்விசிறி, தன்னைப் பிடித்திருந்த காரைத் துண்டோடு சேர்ந்து கட்டில்மேல் விழுந்திருந்தது. பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்குப் பிறகு ஏழு வீட்டுக்காரர்களும் சரி என்றுவிட்டார்கள். எட்டாவது வீடு மூன்றாம் மாடி, மாணிக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் முடியாது என்றார். ஏன் என்று கேட்டால் கதவைச் சாத்தினார்.

அடுத்த முறை நான் போனபோது கதவைத் திறந்தது அவர் மனைவி கன்னியம்மா.

"உள்ள வாம்மா. அங்க உக்காராத, மேல பாரு."

மேலே பார்த்தேன். கூரையில் ஒரு விரிசல், அறையின் குறுக்கே வாய்க்கால் மாதிரி ஓடியது. நாற்காலிகள் எல்லாம் அதற்கு இந்தப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன.

"கூர எங்க உழும்னு பாத்துப் பாத்துதான் சேர் போடறது. இவரு என்னாடான்னா ஊட்ட உடமாட்டேன்றாரு" என்றார் கன்னியம்மா.

"நீ சும்மா இரு" என்றார் மாணிக்கம். பிறகு என்னிடம், "மேடம், கீழ் ஊட்டு பாஸ்கரு கையெழுத்து போடுவான். ஏன் போட மாட்டான்? அவன் மண்ணு மேல கீறான். கட்டடம் போனாலும் அவன் ஊடு இருந்த எடத்துல போயி நிக்கலாம். நான் எங்க நிக்கிறது? காத்துலயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது தவறுதான், ஆனால் எத்தனை சரியான தவறு. மூன்றாம் மாடி இடிந்தால் அங்கே மிஞ்சுவது காற்றுதானே. நான் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தேன்.

"அப்படி இல்ல சார். எட்டுப் பேருக்கும் நிலத்துல பங்கு இருக்கு. எந்த இடம்னு காட்ட முடியாது, ஆனா எல்லாத்துலயும் உங்களுக்கு உரிமை உண்டு. பிரிக்கப்படாத பங்கு."

கன்னியம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். மாணிக்கத்தின் முகம் அடைத்த கடை போல ஆகிவிட்டது.

"அந்த வார்த்தைய நான் முன்னாடியே கேட்டுக்கீறேன்மா" என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் வெள்ளானூர். அப்பாவுக்கு நிலம் இருந்தது. இவர் மூன்றாவது பிள்ளை. அப்பா போன பிறகு அண்ணன்கள், பிரிக்க வேண்டாம், பொதுவிலேயே இருக்கட்டும் என்றார்கள். இவர் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தார். பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் என் பங்கு எது என்று கேட்பார். எல்லாமே நம்முடையதுதானே என்பார்கள் அண்ணன்கள். தங்கை கல்யாணச் செலவுக்கு என்று ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார். அடுத்த முறை போனபோது அங்கே மனை பிரித்துக் கல் நட்டிருந்தது.

"எல்லாமே நம்மளுதுன்னா, என்னுது எதுவும் இல்லன்னு அர்த்தம் மேடம். அது அப்ப புரியல" என்றார். "அதனாலதான் ஃப்ளாட்டு வாங்குனேன். நாலு செவுரு, ஒரு கதவு, கதவுல நம்பரு. குவார்ட்டர்ஸ்ல இருந்துகினே இத்த வாடகைக்கு உட்டேன். வாடகையே முக்கா கடன அடைச்சுது. ரிட்டையர் ஆன அன்னிக்கு குவார்ட்டர்ஸ் சாவியக் குடுத்துட்டு நேரா இங்க வந்து பால் காச்சினோம். என் கூட வேல பாத்தவங்க ஊடு தேடி அலைஞ்சாங்க, நான் அலையல. இப்ப நீ வந்து செவுரு உன்னுதில்ல, மண்ணுதான் உன்னுது, ஆனா காட்ட முடியாதுன்ற. இன்னொரு கையெழுத்து கேக்கற."

படியிறங்கும்போது என் முழங்கால் வலித்ததா, வேறெதுவோ வலித்ததா என்று தெரியவில்லை. ஃப்ளாட்டில் முதலீடு செய்வதன் லாபம் அத்தனையும் அந்த மனிதர் அனுபவித்திருந்தார். நட்டம் அத்தனையும் இப்போது அவர் தலைக்கு மேல் விரிசலாக ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் எங்கள் மேலாளருக்கு இதெல்லாம் கதை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்து உரிமையாளர்கள் சங்கக் கூட்டம். அன்று முடியாவிட்டால் கம்பெனி பூந்தமல்லியில் வேறொரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சட்டத்தைச் சொல்லு. மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க சம்மதிச்சா போதும், இவர் ஒருத்தர் இல்லாமலே நடத்தலாம். அதைக் கேட்டா தானா வழிக்கு வருவார்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. புதுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மண்ணூர்பேட்டைக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் பையில் கத்தி வைத்துக்கொண்டு போவதுபோல் எடுத்துக்கொண்டு போனேன்.

மொட்டை மாடியில் கூட்டம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த பக்கமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எஸ்டேட் பக்கமிருந்து இரும்பு சூடான வாசனை வந்துகொண்டிருந்தது. தரைத்தளத்துப் பாஸ்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். மண்ணூர்பேட்டையின் பழைய விவசாயக் குடும்பம் அவருடையது. பாகத்தில் வந்த துண்டு நிலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"அண்ணாத்தே, உனக்கோசரம் நாங்க எல்லாரும் ஹெல்மெட் போட்டுகினு தூங்கணுமா?"

"தூங்கு. லேத்துல நிக்க சொல்லோ போட மாட்ட, தூங்க சொல்லோவாச்சும் போடு" என்றார் மாணிக்கம்.

சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு என் பையன் லீவு போட்டிருந்தா?" என்றார்.

மாணிக்கம் அந்த அம்மாவைப் பார்க்க முடியாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மேடம். கம்பெனிக்காரங்களா சொல்லாதீங்க. உங்க காசா இருந்தா ஃப்ளாட்டுல போடுவீங்களா?"

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. மேலாளர்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சட்டத்தைச் சொல்ல அதைவிடச் சரியான தருணம் கிடையாது. நாக்கு நுனிவரை வந்தது. மற்றவர்கள் எல்லாம் முடிவு செய்துவிட்டோம், நீ இல்லாமலே நடக்கும் என்ற அந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை வெள்ளானூரில் கேட்டவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுங்கினேன். வேறு எதுவும் தயாராக இல்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"போடுவேன் சார். ஆனா சுவரை நம்பிப் போட மாட்டேன். சுவருக்கு வயசாயிடும். மண்ணுக்குத்தான் மதிப்பு ஏறும். அந்த மண்ணைப் பிரிச்சுக் காட்ட யாராலயும் முடியாது. அதனால கூட இருக்கற ஏழு பேரை நம்பித்தான் போடணும். நல்லவங்களா அமைஞ்சா லாபம்."

"அமையலன்னா?"

"அமையலன்னா வெள்ளானூர்தான் சார்."

சொன்ன பிறகுதான் அது அவர் என்னிடம் மட்டும் சொன்னது என்று நினைவு வந்தது. கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா வெள்ளானூரு?" என்றார் பாஸ்கர்.

மாணிக்கம் பார்வையைத் தொட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பன் நெலம். மூணு பேருக்குப் பொது. பொது பொதுன்னு சொல்லியே ரெண்டு பேரு எடுத்துகினாங்க" என்றார்.

பாஸ்கரின் கேலி முகம் மாறியது. கை கழுவிய பிறகும் போகாத எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"பாகம் வெக்க சொல்லோ சின்னவனத்தானே மொதல்ல எடுக்கச் சொல்வாங்க? பெரியவன் பிரிச்சு வெப்பான், சின்னவன் எடுப்பான். எங்க ஊட்ல அப்பிடித்தான் நடந்துது. உன்ன எடுக்கச் சொல்லலியா?"

"பிரிக்கவே இல்லியேப்பா."

பாஸ்கர் எழுந்தார். கைப்பிடிச் சுவர் வரை போனார், திரும்பி வந்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் ஒப்பந்தத்தில் புது வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசை கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தது. முதல் தேர்வு அவருடையது. உயர மாடியில் சாலையைப் பார்த்த மூலை வீட்டுக்காக வரைபடத்தை என்னிடம் எத்தனையோ முறை கேட்டு வாங்கிப் பார்த்திருந்தார்.

"இந்தக் கட்டடத்துல கடேசியா ஊடு வாங்குனது யாரு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"மூணாவது மாடிதான் கடைசியா வித்தது. இவர்தான்" என்றார் நர்ஸம்மா.

"அப்ப நீதான் சின்னவன்" என்றார் பாஸ்கர், தன்னைவிடப் பத்து வயதாவது மூத்த மாணிக்கத்திடம். "புதுக் கட்டடத்துல உனக்கு எது வேணும்னு நீ மொத சொல்லு. நீ எடுத்த பொறவு மிச்சத்துல நாங்க எடுத்துக்கிறோம். இன்னாப்பா, யார்னா வேணாம்னு சொல்றீங்களா?"

யாரும் சொல்லவில்லை. அந்த அமைதியை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. ஒரே மண்ணின் மேல் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் நின்றுகொண்டிருக்கும் எட்டுக் குடும்பம், ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள், தண்ணீர் மோட்டார் யார் போடுவது என்று தினமும் சண்டை போடுகிறவர்கள், அந்த ஒரு கணத்தில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். இதை எந்தப் பத்திரத்தில் எழுதுவீர்கள்? எந்தச் சட்டத்தால் வாங்கித் தருவீர்கள்? என் மேலாளரின் அழைப்பு பைக்குள் அடித்து ஓய்ந்தது எனக்குக் கேட்கவேயில்லை.

மாணிக்கம் மனைவியைப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

கன்னியம்மா யோசிக்கவேயில்லை. "மேலதான். உச்சில. என் தலைக்கு மேல எவ ஊட்டு பாத்ரூமும் வேணாம்."

"எந்தப் பக்கம்?" என்று நான் கேட்டேன். பாஸ்கர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாணிக்கம் சாலைப் பக்கம் பார்த்தார். பாஸ்கரைப் பார்த்தார். "மூலை ஊட்டுல பஸ்ஸு சத்தம் காத அடைக்கும். எங்களுக்குப் பின் பக்கம் குடுங்க."

"தப்பிச்சேன்" என்று பாஸ்கர் அவ்வளவு சத்தமாக மூச்சு விட்டார். நர்ஸம்மாவே சிரித்துவிட்டார்.

"கெழவன சின்னவனாக்கிட்ட. பேனாவக் குடு" என்றார் மாணிக்கம்.

சட்டத்தைச் சொன்னாயா என்று மறுநாள் மேலாளர் கேட்டார். தேவைப்படவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கிய கையோடு நாம் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவோம். அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள், ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. மிரட்டி வாங்கிய கையெழுத்து அந்தத் தண்ணீரில் கலந்துவிடும். சொல்ல உரிமையுள்ள வாக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இல்லை. நீங்கள் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் வேறொருவர் வாய் திறக்க இடம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். அன்று கிடைத்தது.

கட்டடத்தை இடித்துக் கற்குவியலை லாரிகள் அள்ளிக்கொண்டு போன பிறகு, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், உரிமையாளர்களை நிலத்தைப் பார்க்க அழைத்திருந்தோம். தனித்தனி வாடகை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

நிலம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

"இதுலயா நாம எல்லாரும் இருந்தோம்?" என்றார் நர்ஸம்மா. எட்டு சமையலறை, எட்டுப் படுக்கை, அத்தனை பிள்ளைகளின் பரீட்சைகள், கல்யாண மேளங்கள், காய்ச்சல்கள், இவ்வளவும் நடந்தது இந்தக் கையகல மண்ணின் மேலா? இத்தனை ஃப்ளாட் விற்ற எனக்கும் அன்றுதான் தெரிந்தது, நான் இவ்வளவு காலம் விற்றுக்கொண்டிருந்தது ஆகாயத்தை என்று.

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லாத வெளியில் ஓர் இடத்தைக் கையால் காட்டினார்.

"அதோ, அந்தக் காக்கா போவுது பாரு, அங்கதாம்மா என் அடுப்பு இருந்துது."

நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் உயரத்துக்கு அண்ணாந்து தங்கள் ஜன்னலைத் தேடினார்கள். காகம் அந்த அம்மாவின் சமையலறை வழியாகப் பறந்து, கூடத்தின் வழியாக வெளியே போயிற்று.

மாணிக்கம் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவர் கேட்டுக்கு இடது பக்கமாகக் கிளம்பி, சுற்றுச்சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். கம்பித் துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். பின்பக்க மூலையில் நின்றார், மண்ணைப் பார்த்தார், மறுபடி நடந்தார். அடுத்த மூலையிலும் நின்றார். அவர் என் பக்கமாக வந்தபோது கேட்டேன்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"எந்த மூல என்னுதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னீங்களே மேடம்" என்றார். "அதான் எல்லா மூலையும் பாத்துட்டு வரேன்."

அந்தப் பக்கமிருந்து பாஸ்கர் குரல் கொடுத்தார். "அண்ணாத்தே, அப்பிடியே என்னுதையும் ஒரு பார்வ பாத்துகினு வா."

"அத்தயும்தான் பாத்துகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு மாணிக்கம் சாலையோர மூலைக்கு நடந்தார்.